புது கம்ப்யூட்டர், முதல் நாளே 100 டிகிரி

தங்கைக்காகக் கட்டிய கம்ப்யூட்டர் இது. அவள் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண வேலை செய்கிறவள். பழைய லேப்டாப்பில் ஒரு காட்சியைப் படமாக்க ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் அது பாதியில் நின்றுபோய்க் கிடக்கும், அந்தத் தொல்லை போதும் என்றுதான் புதிதாக ஒன்று கட்டினோம். பாகங்களைப் பொருத்தி, விண்டோஸ் ஏற்றி, எல்லாம் முடிந்த சாயங்காலம் முதல் ரெண்டரைப் போட்டாள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது, ஃபேன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரைய ஆரம்பித்தன.

"அண்ணா, இது ஏன் இப்படிக் கத்துது?"

"புதுசு இல்லையா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். புதுசாக இருப்பதற்கும் ஃபேன் கத்துவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கே தெரியும். அவள் அந்தப் பக்கம் போனதும், வெப்பநிலையும் மின்சக்தியும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்தேன். பிராசஸர் 100 டிகிரி. தெர்மல் த்ராட்லிங், அதாவது சூட்டால் வேகத்தைக் குறைத்தல், என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஆம்'.

பிராசஸர் இன்டெல் ஐ7-12700கே. எட்டு பெரிய கோர், நாலு சின்ன கோர், மொத்தம் 20 த்ரெட். இதன் அடிப்படை மின்சக்தி 125 வாட், உச்சம் 190 வாட். 100 டிகிரிதான் இதன் எல்லை. அதைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடேறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆக உடனே எரிந்துபோய்விடும் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் எல்லா கோரும் சேர்ந்து உழைக்கும்போது 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பெரிய கோர்கள் 4.1, 4.2 என்று தள்ளாடிக்கொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு கைக்குக் கிடைக்காமலே போய்க்கொண்டிருந்தது.

பிராசஸரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் கூலர் மட்டும் புதிதல்ல. என் பழைய கம்ப்யூட்டரில் இருந்த டவர் கூலர், வெப்பத்தை மேலே கடத்தும் ஆறு குழாய்கள் (ஹீட் பைப்), 140 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. நல்ல கனமான சாமான். பழைய பிராசஸரை அது எப்போதும் 60 டிகிரியைத் தாண்ட விட்டதில்லை, அதனால் அதன் மேல் எனக்கு ஒரு பாசம். இதுவே போதும், கூலருக்குப் போகிற பணத்தில் ராம் கூடுதலாகப் போடலாம் என்று சொன்னதும் நான்தான். இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் கதை சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலரை மாட்டிய அன்று, ஸ்க்ரூ எல்லாம் இறுகிய பிறகு, அதைக் கையால் பிடித்து லேசாகத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் அசைந்தது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் புதுசு, வழுக்கும், காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன், 45 டிகிரி காட்டியது. பயாஸில் பிராசஸர் முழுசாக ஓய்வுக்குப் போவதில்லை, அதனால் 45 என்பது பரவாயில்லை என்று சந்தோஷமாகக் கேபினட்டை மூடினேன். அந்த 45 என்னை எப்படி ஏமாற்றியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

100 டிகிரியைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லோரும் செய்கிற அதே முட்டாள்தனம்: பேஸ்ட் சரியில்லை, மறுபடி தடவு. கூலரைக் கழற்றினேன், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்தேன், புது பேஸ்ட்டை இந்த முறை தாராளமாக வைத்தேன், மாட்டினேன். அதே 100. பேஸ்ட் படிந்திருந்த விதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துடைத்திருந்தால் அன்று ராத்திரியே விஷயம் முடிந்திருக்கும். திருடனின் கைரேகையைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடிய கதை. கூலரைக் கழற்றுகிறவர்கள் துணியை எடுக்கும் முன் போனை எடுங்கள், இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு அப்புறம் துடையுங்கள்.

அடுத்து கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்தேன். 100. ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். 100. ஃபேன் தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும், அது சரியாகவே இருந்தது. என்ன செய்தாலும் 100, எதைச் செய்யாவிட்டாலும் 100. அன்று படுக்கப் போகும்போது மணி இரண்டு.

மறுநாள் காலையில்தான் மண்டையில் உறைத்தது. 100 என்பது அளவீடே இல்லை, அது கூரை. பிராசஸர் அந்தக் கூரையில் தலையை முட்டிக்கொண்டு, தன் வேகத்தைக் குறைத்து அங்கேயே நிற்கிறது. நான் ஏதாவது ஒன்றைச் சரிசெய்து 5 டிகிரி மிச்சப்படுத்தினால், அது அந்த 5 டிகிரியையும் வேகமாக மாற்றித் தின்றுவிட்டு மறுபடி 100-லேயே வந்து நிற்கும். ஆக நான் ராத்திரி செய்த சோதனைகள் எதற்கும் அர்த்தமில்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. முதலில் கூரைக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மின்சக்தியைக் கையில் பிடிக்க வேண்டும்.

பயாஸுக்குள் போய் மின்சக்தி வரம்புகளைப் பார்த்தேன். நீண்ட நேர வரம்பு 4096 வாட், குறுகிய நேர வரம்பு 4096 வாட். அதாவது வரம்பே இல்லை, வேண்டுமளவு எடுத்துக்கொள் என்று பொருள். பல மதர்போர்டுகளில் இது தானாகவே இப்படித்தான் இருக்கும். சிலவற்றில் முதல் தடவை பயாஸ் திறக்கும்போது உங்கள் கூலர் எந்த வகை என்று ஒரு கேள்வி வரும், அதில் எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப வரம்பு அமையும். பெரும்பாலானோர் அந்தக் கேள்வியை வாழ்த்துச் செய்தி மாதிரி தட்டிவிட்டுப் போய்விடுவோம். அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டையும் 125 வாட் என்று வைத்துவிட்டு, நல்ல தெம்போடு, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.

94 டிகிரி.

இந்த எண்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 100-ஐவிடக் குறைவு, எனவே இப்போது இது உண்மையான அளவீடு. அறை வெப்பநிலை 30. ஆக அறையைவிட 64 டிகிரி அதிகம், அதுவும் வெறும் 125 வாட்டுக்கு. வகுத்தால் ஒரு வாட்டுக்கு 0.51 டிகிரி. ஆறு பைப் வைத்த பெரிய டவர் கூலர் வாட்டுக்கு 0.3-ஐ ஒட்டி வர வேண்டும். 125 வாட்டுக்கு 70-க்குக் கீழே இருக்க வேண்டியது 94-ல் நிற்கிறது. வரம்பில்லாத மின்சக்தி ஒரு தவறுதான், அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த தவறு அது இல்லை. வரம்பை மட்டும் குறைத்துவிட்டு, 94 தானே, 100 இல்லையே என்று திருப்தியாகி எழுந்து போகிறவர்கள் எத்தனை பேரோ. நானும் ஒரு நிமிடம் எழுந்தேன்.

இந்த வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற கணக்கு தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெறும் டிகிரியை மட்டும் சொன்னால் ஒன்றும் புரியாது. 95 டிகிரி, 230 வாட் என்றால் கூலர் பாவம், தன் சக்திக்கு மேல் உழைக்கிறது, குறை கூலரில் இல்லை. அதே 95 டிகிரி, 65 வாட் என்றால் எங்கோ எதுவோ படுமோசம். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் சிபியு பேக்கேஜ் பவர் என்று ஒரு வரி இருக்கிறது, வெப்பநிலையைப் பார்க்கும்போதெல்லாம் கண் அந்த வரிக்கும் போக வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு டர்போஸ்டாட் இருக்கிறது. அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாது.

அந்த 45 டிகிரிக் கதைக்கு வருகிறேன். பயாஸில் சும்மா இருக்கும்போது பிராசஸர் எடுப்பது ஏறக்குறைய 30 வாட். வாட்டுக்கு 0.5 என்றால் அறையைவிட 15 டிகிரி அதிகம், 45. கூலர் ஒழுங்காக இருந்து 0.3 என்றால் 9 டிகிரி அதிகம், 39. வித்தியாசம் வெறும் 6 டிகிரி, அதை யார் கவனிப்பார்கள்? விண்டோஸில் ஓய்வாக இருக்கும்போது வாட் இன்னும் குறைவு, அங்கே வித்தியாசம் இன்னும் சின்னதாகிவிடும். அதனால், சும்மா இருக்கும்போது வெப்பநிலை நன்றாகத்தானே இருக்கிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை. சுமை கொடுத்துப் பார்க்காமல் கேபினட்டை மூடக் கூடாது.

சரி, 0.51. இதில் கூடுதலாக இருக்கும் 0.2 எங்கே ஒளிந்திருக்கிறது? பிராசஸரிலிருந்து காற்றுவரை வெப்பம் போகும் வழியில் இரண்டு பெரிய கட்டங்கள். பிராசஸரின் உலோக மூடியிலிருந்து கூலரின் அடித்தகட்டுக்கு, பேஸ்ட் வழியாக. அப்புறம் அடித்தகட்டிலிருந்து பைப், ஃபின் (மெல்லிய உலோகத் தகடுகள்) வழியாகக் காற்றுக்கு. எந்தக் கட்டத்தில் தடை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே எல்லோரும் சொல்கிற ஒரு சோதனை உண்டு: ஃபின்னைத் தொட்டுப் பார், குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் கூலருக்கே வரவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யோசித்துப் பார்த்தால் பாதிதான் சரி. வெப்பநிலை 94-ல் அசையாமல் நிற்கிறது என்றாலே உள்ளே போகிற 125 வாட்டும் கூலர் வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது, வேறு வழி அதற்கு இல்லை. வெளியேறாவிட்டால் வெப்பநிலை ஏறிக்கொண்டே அல்லவா போகும்? ஆகவே பேஸ்ட் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் 125 வாட்டுக்கு ஃபின்னின் சூடு ஒன்றேதான். தொட்டுப் பார்ப்பது வேறொன்றைச் சொல்லும். ஃபின் கை வைக்க முடியாதபடி சுட்டால் காற்று போதவில்லை, ஃபேன் பக்கம் போ. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஃபின்னும் ஃபேனும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, கீழே பார். எனக்கு வெதுவெதுப்பு. அடித்தகட்டின் ஓரத்தை விரலால் தொட முடிந்தது, அதுவும் சூடுதான், ஆனால் விரலை எடுக்கவைக்கும் சூடு இல்லை. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் 94 டிகிரி.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஃபேன் வேகத்தை மாற்றிப் பார்த்தேன், இப்போது கூரைக்குக் கீழே இருப்பதால் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. நிமிடத்துக்கு 900 சுழற்சியில் 94, 1,500-ல் 92. கதவைத் திறந்தால் ஒரு டிகிரி குறைந்தது, அவ்வளவே. காற்றுதான் பிரச்சினை என்றால் இப்படி இருக்காது.

இன்னொரு தடயமும் கிடைத்தது, வெப்பநிலை ஏறும் வேகம். சினிபெஞ்சை ஆரம்பித்த அந்த நொடியிலேயே 40-லிருந்து 80-க்கு மேல் குதித்தது, அப்புறம் சில நிமிடங்கள் மெல்ல ஏறி 94. கூலர் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ உலோகம், அது சூடேற நேரம் எடுக்கும். கண் இமைப்பதற்குள் நடக்கும் அந்தக் குதிப்பில் கூலருக்குப் பங்கே இல்லை, அது முழுக்கச் சிலிக்கானுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் நடக்கும் விஷயம். எந்த கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் குதிக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம், ஆனால் 125 வாட்டுக்கு 40 டிகிரிக்கும் மேல் குதிப்பது அதிகம். மாறாக, முதல் நிமிடம் நன்றாக இருந்து பத்தாவது, பதினைந்தாவது நிமிடத்தில் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது என்றால் கேபினட்டுக்குள் காற்று தேங்குகிறது, அல்லது நீர்க் கூலராக இருந்தால் தண்ணீர் சூடேறிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் ஒரே இடத்தைக் கைகாட்டின. கூலரைக் கழற்ற வேண்டும், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.

கழற்றும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு பேஸ்ட்டைச் சூடாக்கிக்கொண்டேன், பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடவலமாகத் திருகித்தான் தூக்கினேன். நேராக இழுப்பது கெட்ட பழக்கம். இந்த சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில், பிராசஸரைச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் மாதிரி பிராசஸரின் அடியில் ஊசிகள் இருக்கும் வகையில் இழுத்தால் பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும்.

தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக அழுந்திய பேஸ்ட் நடுவில் மிக மெல்லிசாக, அடியில் இருக்கும் உலோகம் தெரிகிற மாதிரி இருக்கும், மிச்சமெல்லாம் ஓரங்களில் பிதுங்கியிருக்கும். என்னுடையது வெண்ணெய் தடவின மாதிரி எங்கும் ஒரே தடிமன். நடுவில் பிரிந்த இடத்தில் சின்னச் சின்ன முகடுகள், ஒரு மூலையில் கூலர் தொட்டதற்கான அடையாளமே இல்லை, நான் வைத்த பேஸ்ட் வைத்தபடியே இருந்தது. அதாவது தகடு பிராசஸரின் மேல் உட்காரவே இல்லை, பேஸ்ட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தது. நான் தாராளமாக வைத்ததால்தான் அவ்வளவாவது தொட்டிருக்கிறது.

பேஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று நினைக்கிறோம், அப்படியில்லை. செம்பின் வெப்பக்கடத்துதிறன் சுமார் 400 என்றால் நல்ல பேஸ்ட்டுக்கு 5 இருக்கலாம், டப்பாவில் போட்டிருக்கும் எண் எப்போதும் கொஞ்சம் தாராளம். காற்றுக்கு 0.026. செம்பைவிட 80 மடங்கு மோசம், காற்றைவிட ஏறக்குறைய 200 மடங்கு மேல். அதன் வேலை காற்றை விரட்டுவது மட்டும்தான். உலோகமும் உலோகமும் நெருங்கி நிற்க, இடையில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களை அது நிரப்ப வேண்டும். அதுவே ஒரு மெத்தையாகத் தடித்துப்போனால் போர்வை போர்த்தின மாதிரிதான்.

ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாக இருந்ததே, அப்புறம் எப்படி மிதக்கும்? மதர்போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். எரிச்சலான வேலை, பின்னால் இருக்கும் கேபிள் எல்லாம் கழற்றி மாட்ட வேண்டும், ஆனால் உள்ளே வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. இரண்டு பரப்பையும் துடைத்துவிட்டு, பேஸ்ட் இல்லாமலே கூலரை மாட்டி, ஸ்க்ரூவைக் கடைசிவரை முடுக்கினேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பக்கம் தங்கையைப் போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். மூடிக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

"என்ன தெரியுது?"

"இங்க வந்து நீயே பாரு."

பார்த்தாள். "இதுக்குத்தான் நேத்து ராத்திரி பூரா முழிச்சிருந்தியா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

காரணம் ஸ்டாண்டாஃப். மதர்போர்டின் ஓட்டைகள் வழியாக நின்று, கூலரின் பிராக்கெட்டைத் தாங்குமே, அந்த நாலு குட்டைத் தூண்கள். இன்டெல் 2009-ல் எல்ஜிஏ1156 சாக்கெட்டைக் கொண்டுவந்ததிலிருந்து எல்ஜிஏ1200 வரை கூலர் ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான், மாறவே இல்லை. ஒரு கூலரை எடுத்து எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். 2021 நவம்பரில் 12வது தலைமுறை பிராசஸர்களோடு எல்ஜிஏ1700 வந்தபோது பிராசஸர் சதுரத்திலிருந்து செவ்வகமாகிவிட்டது, 45-க்கு 37.5 மில்லிமீட்டர், ஓட்டை இடைவெளியும் 78 ஆனது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மாட்டினேன்? அந்த மதர்போர்டில் 78-க்கும் 75-க்கும் தனித்தனியாக இரண்டு செட் ஓட்டைகள் போட்டிருந்தார்கள். பழைய கூலரும் பொருந்தும், எவ்வளவு அக்கறை என்று வியந்து மாட்டிவிட்டேன்.

ஓட்டை பொருந்தியது, உயரம் பொருந்தவில்லை. எல்ஜிஏ1700-ல் பிராசஸர் மூடியின் மேற்பரப்பு போர்டிலிருந்து பழைய சாக்கெட்டைவிட ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தாழ்வு. பழைய ஸ்டாண்டாஃப்கள் பழைய உயரத்துக்குச் செய்தவை. ஸ்க்ரூ கீழே போய் ஸ்டாண்டாஃபின் தோளில் முட்டி நிற்கும், இதற்கு மேல் திருப்ப முடியாது, கைக்கு நன்றாக இறுகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இறுகியது ஸ்க்ரூவும் ஸ்டாண்டாஃபும்தான். தகட்டை அழுத்த வேண்டிய ஸ்ப்ரிங் தன் வேலையை முழுதாகச் செய்யும் முன்பே பாதை முடிந்துவிட்டது. சரியாக அமர்ந்த பேஸ்ட்டின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்கிற இடத்தில் முக்கால் மில்லிமீட்டர் என்பது பாதாளம், ஸ்ப்ரிங் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டியதால்தான் இவ்வளவாவது ஓடியது.

முதல் நாள் கூலர் கையில் அசைந்தது இதனால்தான். ஒழுங்காக மாட்டிய டவர் கூலரைத் திருப்பினால் போர்டே கூட வளையப் பார்க்கும், கூலர் நகராது.

ஸ்டாண்டாஃபை அரத்தால் ராவிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நாலையும் ஒரே அளவுக்கு, பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கையால் ராவும் நம்பிக்கை எனக்கில்லை. அதிகமாக ராவினால் சாக்கெட்டின் மேல் அழுத்தம் கூடும், அந்த சாக்கெட்டுக்குள் இருப்பது ஆயிரத்து எழுநூறு மெல்லிய ஊசிகள். சாக்கெட் வந்த காலத்தில் பல கூலர் தயாரிப்பாளர்கள் இதற்கென்றே புதிய பொருத்தும் செட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். என் கூலருக்கும் அப்படி ஒன்று இருந்தது, எழுதிக் கேட்டேன், வரச் சில நாட்கள் ஆயின. அதுவரை தங்கைக்கு வேலை நிற்கக் கூடாது என்று வரம்பை 65 வாட்டில் வைத்துக் கொடுத்தேன். 63 டிகிரி, சத்தமும் இல்லை. மெதுவாகத்தான் ரெண்டர் ஆகும், ஆனாலும் பழைய லேப்டாப்பைவிட எவ்வளவோ மேல் என்றாள். இது யாருக்கும் உதவும் முதலுதவி: காரணம் தெரியாவிட்டாலும் வாட்டைக் குறைத்துவிட்டால் கம்ப்யூட்டரை நிம்மதியாகப் பயன்படுத்திக்கொண்டே காரணத்தைத் தேடலாம்.

செட் வந்தது. புது ஸ்டாண்டாஃபைப் பழையதோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. முதலில் பேஸ்ட் இல்லாமல் மாட்டி மறுபடி டார்ச் சோதனை, வெளிச்சம் இல்லை. அப்புறம் பேஸ்ட். நடுவில் ஒரு பட்டாணி, நாலு மூலைக்கும் சின்னச் சின்னப் புள்ளி. எப்படி வைப்பது என்பதில் ஊருக்கு நாலு கட்சி உண்டு, எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை, அழுத்தம் சரியாக இருந்தால் எந்த வடிவமும் பரவிக்கொள்ளும். ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல் மாற்றி மாற்றி, தடவைக்கு அரைச் சுற்று. ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் தகடு சாய்ந்து பேஸ்ட் ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். இறுகிய பிறகு கையால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை.

வரம்பு 125, அறை 30, சினிபெஞ்ச் பத்து நிமிடம்: 68. வாட்டுக்கு 0.30. ஆரம்பித்த நொடியில் 60 வரை ஒரு குதிப்பு, பிறகு மூன்று நான்கு நிமிடம் மெல்ல ஏறி நின்றது. 190 வாட்டில் 88. பேஸ்ட் அதே டப்பா, ஃபேன் அதே வேகம், கேபினட் அதே கேபினட். 26 டிகிரியும் அந்த நாலு தூணின் கைங்கரியம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் கை சும்மா இருக்காதே. தங்கையின் ஒரே காட்சியை மூன்று வரம்பில் ரெண்டர் செய்து பார்த்தேன். 190 வாட்டில் 10 நிமிடம் 50 விநாடி, 150-ல் 11 நிமிடம் 25 விநாடி, 125-ல் 12 நிமிடம். முதல் 25 வாட்டுக்கு 35 விநாடி மிச்சம், நல்ல வியாபாரம்; அடுத்த 35 விநாடிக்கு 40 வாட் கொடுக்க வேண்டும். 150-ல் வைத்துவிட்டேன், 76 டிகிரி. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சில வாட் மிச்சமாகும் என்று 0.08 வோல்ட் குறைத்தேன், நாற்பது நிமிட ரெண்டரில் பிளெண்டர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. 0.05-க்கு வந்தேன், ஒரு நாள் முழுக்க ஓடியது, ஆனாலும் எடுத்துவிட்டேன். விளையாட்டுக் கம்ப்யூட்டர் என்றால் சரி, ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடுகிற இடத்தில் அந்த ரிஸ்க் வேண்டாம்.

இந்த சாக்கெட்டில் பிராசஸரைப் பிடிக்கும் சட்டம் நடுவில் மட்டும் அழுத்துவதால் மூடி லேசாகக் குழிந்துவிடும், அதற்கென்று வேறு சட்டம் விற்கிறார்கள், சில டிகிரி குறையலாம். 0.30 வந்துவிட்ட பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை. சாக்கெட் சட்டத்தைக் கழற்றிக் கை வைக்கிற அளவுக்குத் துணிச்சலும் இல்லை.

ஃபேன் வேகத்தில்தான் கொஞ்சம் நேரம் போனது. பிராசஸரின் வெப்பநிலை ஒரு நொடி குதித்து இறங்குகிற சுபாவம் கொண்டது, ஒரு ஆப் திறந்தாலே 15 டிகிரி ஏறி இறங்கும். தொழிற்சாலை அமைப்பில் ஃபேன் ஒவ்வொரு குதிப்புக்கும் ஓடி ஓடி அடங்கும், அது தொடர்ந்த சத்தத்தைவிடக் கொடுமை. பயாஸில் ஃபேன் ஏறுவதற்கான தாமதத்தை 3 விநாடியாக்கினேன், 60 டிகிரி வரை 700 சுழற்சியிலேயே நிற்கும்படி கோட்டைத் தட்டையாக்கினேன், 80-க்கு மேல்தான் முழு வேகம்.

பழைய ஸ்டாண்டாஃப்களை ஒரு சின்னப் பையில் போட்டு, மேலே '75 மி.மீ., 1200 வரை மட்டும்' என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரே குறை, முன்பக்க ஃபேன்கள் 1,150 சுழற்சியைத் தாண்டும்போது கேபினட்டின் முன் தகடு ரீங்காரமிடுகிறது. ரப்பர் வாஷர் போட்டுப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை.